ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் வேலையா? இதைப் படிச்சுட்டுப் போ!

ஒரகடமோ, ஸ்ரீபெரும்புதூரோ, செங்குன்றம் பக்கத்துக் குடோனோ, ஓசூரோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் சடங்கு ஒன்றுதான். ஒரு ஹெல்மெட், மினுமினுக்கிற ஜாக்கெட், கால் அளவைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு ஷூ. பிறகு ஏசி அறையில் உட்காரவைத்து அரை மணி நேரம் படம் போடுவார்கள். படம் இங்கிலீஷில் ஓடும், நமக்குத் தூக்கம் வரும். கடைசியில் 'எல்லாம் புரிந்தது' என்று ஒரு தாளில் கையெழுத்து. முடிந்தது, உள்ளே போ.

என்ன புரிந்தது என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே, தப்பு உன்னுடையது இல்லை. ஆனால் அந்த ஷெட்டுக்குள் நாள் முழுக்க உன் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி போய் வந்துகொண்டே இருக்கும். அதைப் பற்றி யாராவது உனக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டாமா? குடோனிலேயே காலம் தள்ளினவள் நான், சொல்கிறேன். முழுசாகப் படிக்க நேரமில்லை என்றால் நடக்கிறவர்களுக்கு எழுதியிருக்கிற பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு பஸ் ஏறு. ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. உன்னைச் சுற்றி ஒன்றும் இல்லை.

வண்டியைத் தெரிந்துகொள்

இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே மூன்றரை, நாலு டன் வரும். முன்னால் தூக்குகிற பாரத்துக்கு ஈடுகொடுக்கப் பின்னால் கனத்த இரும்புக் கட்டி வைத்திருக்கிறார்கள். சீசா பலகை மாதிரிதான். முன்சக்கரம் நடுவில், ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் இரும்பு. சரக்கு கூடினாலோ, ஃபோர்க்கின் நுனிப்பக்கம் தள்ளிப்போனாலோ பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டியரிங் பிடிப்பதே அந்தப் பின்சக்கரத்தில்தான். அது எழும்பிவிட்டால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

பின்சக்கரம் திரும்புவதால் இன்னொரு வினை. வண்டி இடது பக்கம் வளையும்போது அதன் பின்பாகம் வலது பக்கம் வீசும். முன்பக்கம் தாராளமாக விலகிப் போயிருக்கும், நீ 'அப்பாடா' என்று நிற்பாய். பின்பக்கம் வந்து உன்னை ரேக்கோடு சேர்த்து அழுத்தும். காரும் பைக்கும் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது தோன்றவே தோன்றாது.

பிரேக்கை நம்பி நிற்காதே. ஓங்கிப் பிரேக் போட்டால் வண்டி நின்றாலும் சரக்கு நிற்காது, முன்னால் சரியும். வேகமும் குறைவு என்று நினைக்காதே. மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். மெசேஜ் வந்திருக்கிறதா என்று மூன்று நொடி போனைப் பார்த்தால் வண்டி எட்டு மீட்டர் வந்துவிடும்.

நடக்கிறவர்களுக்கு

1. டிரைவர் உன்னைப் பார்த்தாரா? உனக்குச் சத்தம் கேட்டது, விளக்கு தெரிந்தது என்பதெல்லாம் நீ அவரைப் பார்த்த கதை. அவர் உன்னைப் பார்க்க வேண்டும். அவர் முன்னால் ஃபோர்க் ஏறி இறங்கும் தூணான மாஸ்ட், செயின், ஹைட்ராலிக் ஹோஸ், அதற்கும் முன்னால் ஆளுயரச் சரக்கு. இத்தனைக்கும் நடுவில் ஐந்தடி உயரத்தில் நீ. குறுக்கே போகும் முன் நில். அவர் கண்ணைப் பார். அவர் வண்டியை நிறுத்திக் கை காட்டின பிறகு போ. "அண்ணே, போகவா?" என்று வாய்விட்டுக் கேட்பதால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

2. பீப் சத்தம் ஒரு வாரம்தான் காதில் விழும். அப்புறம் காது பழகிவிடும். எல்லா வண்டியும் எந்நேரமும் கத்திக்கொண்டிருந்தால் எது உன் பக்கம் வருகிறது என்று எப்படித் தெரியும்? சில வண்டிகளில் நீல விளக்கு இருக்கும். தரையில் நீலப் புள்ளி நகர்ந்து வந்தால் அதற்குப் பின்னால் வண்டி வருகிறது என்று அர்த்தம். நல்ல ஏற்பாடுதான். பல்பு ஃபியூஸ் ஆனால்? புள்ளி தெரியவில்லை, அதனால் வண்டி வரவில்லை என்று மட்டும் கணக்குப் போடாதே.

3. ரேக் முனையில் நில், எட்டிப் பார், அப்புறம் கால் வை. மூலையை உரசிக்கொண்டு திரும்பாதே. குவிந்த கண்ணாடி மாட்டியிருந்தால் அதைப் பார்த்துப் பழகு. அதை முகம் பார்க்கத்தான் பாதிப் பேர் பயன்படுத்துகிறார்கள்.

4. மஞ்சள் கோட்டுப் பாதை சுற்றுவழிதான், ஒத்துக்கொள்கிறேன். பத்து நிமிட டீ பிரேக்கில் சுற்றிப் போனால் டீ ஆறிவிடும். அதற்காக லோடிங் ஏரியாவுக்குக் குறுக்கே ஓடாதே. நேரம் மிச்சம் பிடிக்க நான் வேறு வழி சொல்கிறேன். தண்ணீர் பாட்டில், ஸ்கேனருக்கு மாற்று பேட்டரி, டேப், லேபிள் ரோல், மார்க்கர் எல்லாவற்றையும் ஷிஃப்ட் தொடங்கும்போதே ஒரு டப்பாவில் போட்டு உன் இடத்தில் வைத்துக்கொள். வண்டிப் பாதையைக் கடக்கிற தடவை பாதியாகக் குறையும். குறுக்குவழி என்றால் இதுதான்.

5. எங்கே நிற்கிறாய் என்று பார். முதுகுக்குப் பின்னால் சுவரோ ரேக்கோ லாரியோ இருந்து, முன்னால் வண்டி வேலை செய்துகொண்டிருந்தால் அந்த இடம் உனக்கு ஆகாது. "வண்டி இப்போ என் பக்கம் வந்தால் எந்தப் பக்கம் நகர்வேன்?" என்று உன்னையே கேள். பதில் வரவில்லையா, இடத்தை மாற்று. வேலை செய்கிற வண்டியிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்.

6. தூக்கின ஃபோர்க்குக்கு அடியில் ஒரு நொடிகூடப் போகாதே. சரக்கு இல்லாத வெறும் ஃபோர்க்காக இருந்தாலும் அதே கதைதான். ஹோஸ் வெடித்தால், செயின் அறுந்தால் அது உனக்குச் சொல்லிவிட்டு இறங்காது. லேபிள் கீழே விழுந்துவிட்டதா, கிடக்கட்டும். வண்டி நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்.

7. இதைக் கவனமாகக் கேள். நம்ம ஊர்க் குடோன்களில் மூன்று வழக்கம் உண்டு. மூன்றும் ஆளைக் கொல்லும்.

ஒன்று, "பிடிச்சுக்கோம்மா." மேலே இருக்கிற பெட்டி ஆடுகிறது, நீ கையால் தாங்கிக்கொண்டே வண்டி கூட நடந்து வா என்பார்கள். அரை டன் சரக்கு சரிந்தால் உன் இரண்டு கை அதைத் தாங்குமா? நீ பிடித்தபடி நடக்கும்போது உன் கால் சக்கரத்துக்கு எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறாயா? சொல்ல வேண்டிய பதில் இது: "இறக்குங்கண்ணே, ஃபிலிம் சுத்திட்டு எடுக்கலாம்." ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் நாலு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இரண்டு, "பின்னாடி ரெண்டு பேர் ஏறி நில்லுங்க." வண்டி தூக்க முடியாமல் பின்பக்கம் எழும்பினால், மனுஷனை எடைக்கல்லாக ஏற்றி நிறுத்துவது. பாரம் அளவுக்கு மீறிவிட்டது என்று வண்டியே சொல்கிறது. சொன்ன பிறகும் ஆளை ஏற்றினால் அதற்கு என்ன பேர்? சரக்கை இரண்டாகப் பிரித்து இரண்டு நடை எடுக்கச் சொல். ஏற மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

மூன்று, பேலட்டில் நிற்கவைத்து மேலே தூக்குவது. மார்ச் மாதம் ஸ்டாக் எடுக்கும்போது பார்க்கலாம், மேல் ரேக்கில் எண்ணுவதற்கும் டியூப்லைட் மாற்றுவதற்கும் ஆள் ஏறி நிற்கும். பேலட் ஃபோர்க்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, பூட்டி வைக்கவில்லை. கம்பியும் இல்லை, பிடியும் இல்லை. நாலு மீட்டர் உயரத்தில் இருந்து கான்கிரீட் தரையில் விழுந்தால் ஹெல்மெட் எதைக் காப்பாற்றும்? ஆளைத் தூக்கச் சிசர் லிஃப்ட் இருக்கிறது, கைப்பிடி வைத்த ஏணி இருக்கிறது. "லிஃப்ட் வரட்டும் சார், எண்ணித் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல். திட்டினால் திட்டட்டும்.

8. துப்பட்டா, முந்தானை, நீளப் பின்னல், ஐ.டி. கார்டு கயிறு எல்லாம் ஜாக்கெட்டுக்கு உள்ளே. பின்னலைக் கொண்டை போட்டுவிடு. இயர்போன் லாக்கரில்.

9. ஷூவை நம்பி ஏமாறாதே. பாதுகாப்பு ஷூவின் முன்னால் இருக்கிற இரும்புத் தொப்பி 200 ஜூல் அடி தாங்கும்படி செய்தது. அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் விரல் தப்பிக்கும். நாலு டன் வண்டி மேலே ஏறுவதற்கு அது செய்யப்படவில்லை. பாதத்தின் மேல்பக்கத்தையும் கணுக்காலையும் அது மூடுவதே இல்லை. அதற்காகப் போடாமல் வந்துவிடாதே. அளவு பெரிசாக இருந்தால் முதல் வாரத்திலேயே மாற்றிக் கேள். தொளதொள ஷூவோடு சட்டென்று விலக முடியாது.

கைப்பிடி வண்டியா? சின்னதுதானே என்று நினைக்காதே

பேட்டரியில் ஓடும் பேலட் டிரக்கைப் பெண்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். கைப்பிடியைப் பிடித்து நடந்துகொண்டே ஓட்டுவது. பெரிய வண்டியைக் கண்டால் இருக்கிற பயம் இதனிடம் யாருக்கும் இல்லை. கணுக்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வருகிறவர்களைக் கேள், பெரும்பாலும் இந்த வண்டிதான்.

- வண்டியை இழுத்துக்கொண்டு நேர் முன்னால் நடக்காதே. பக்கவாட்டில் ஒரு அடி தள்ளி நட. கைப்பிடி உன் கையில் இருக்கட்டும், கால் வண்டியின் பாதையில் இருக்க வேண்டாம்.
- பின்பக்கமாக நடக்கவே நடக்காதே. சுவர் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியாது.
- கைப்பிடியின் தலையில் வயிற்றுக்கு நேராக ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். வண்டி உன்னைச் சுவரோடு அழுத்த வந்தால் அந்தப் பட்டன் உன் வயிற்றில் பட்டு வண்டி எதிர்ப்பக்கம் ஓடும். தினமும் காலையில் காலியிடத்தில் உள்ளங்கையால் அதை அமுக்கிப் பார். வேலை செய்யவில்லையா, வண்டியைத் தொடாதே, சூப்பர்வைசரைக் கூப்பிடு. இதற்கு முப்பது நொடிகூட ஆகாது.
- ஃபோர்க் மேல் நின்று ஸ்கேட்டிங் விடுவது வேண்டாம். பார்த்திருக்கிறேன், சொல்லிவிட்டேன்.

தம்பி, இது உனக்கு

ஸ்டியரிங் பிடிக்கிற தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் ஒன்று. "அக்கா, நான் ஹெவி லைசென்ஸ்" என்று சொல்லாதே. லாரி ஓட்டுகிற கைக்கு முன்சக்கரம் திரும்பித்தான் பழக்கம். இதற்குத் தனிப் பயிற்சி, அந்தந்த வண்டிக்குத் தனியாகக் கம்பெனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 18 வயது ஆகாதவர் ஃபோர்க்லிஃப்ட்டைத் தொடக்கூடாது. பயிற்சி எடுத்தவரைக்கூட மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கே டிரைவர் டீ குடிக்கப் போனால் சாவி வண்டியிலேயே தொங்குகிறது, ஹெல்பர் பையன் ஏறி ஓட்டிப் பார்க்கிறான். சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போ. இந்த ஒரு பழக்கம் பத்து போர்டுக்குச் சமம்.

பெல்ட் போடு. இடுப்பில் உறுத்துகிறது, நொடிக்கொரு தரம் இறங்க வேண்டியிருக்கிறது என்பாய். வண்டி சாயும்போது மனுஷ புத்தி 'குதி' என்றுதான் சொல்லும். குதிக்கிறவன் வண்டி சாய்கிற பக்கமே விழுவான், தலைக்கு மேல் இருக்கிற கூரைக் கம்பி அவன் மேலேயே வந்து விழும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் சாவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆகவே குதிக்காதே. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி, காலை ஊன்று, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்து உள்ளேயே இரு. பின்பக்கம் திறந்த, நின்றுகொண்டே ஓட்டும் ரீச் டிரக்குக்கு மட்டும் விதி வேறு. அதில் பின்பக்கமாக இறங்கி விலகிவிட வேண்டும். உன் வண்டி எந்த வகை என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள். சாய்கிறபோது யோசிக்க நேரம் இருக்காது.

தகட்டைப் படி. வண்டியில் ஒரு தகடு அடித்திருக்கும். 2,500 கிலோ என்று போட்டிருந்தால், பக்கத்தில் 500 மில்லிமீட்டர் என்றும் போட்டிருக்கும். சரக்கின் கனம் ஃபோர்க்கின் அடிப்பக்கத்தில் இருந்து அவ்வளவு தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த 2,500. நீளமான பெட்டி, நுனியில் மாட்டின மெஷின் என்றால் தூக்கும் திறன் குறையும். உயரத் தூக்கினால் இன்னும் குறையும். "போன வாரம் தூக்கிச்சே" என்பது கணக்கில்லை.

ஓட்டும்போது ஃபோர்க் தரையில் இருந்து 15, 20 சென்டிமீட்டர் உயரத்தில், மாஸ்ட் கொஞ்சம் பின்னால் சாய்ந்து. சரக்கு முகத்தை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்டு, கழுத்து வலிக்கும், பரவாயில்லை. தூக்கின சரக்கோடு திரும்புவது வேண்டவே வேண்டாம். சரிவில் சரக்கோடு ஏறினால் சரக்கு மேட்டுப் பக்கம், இறங்கினாலும் சரக்கு மேட்டுப் பக்கம், அதாவது ரிவர்ஸில் இறங்கு. காலி வண்டிக்கு இது தலைகீழ், ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். சரிவில் திரும்பாதே.

லாரிக்குள் ஏறி லோடு எடுக்கிறாயா? லாரி டிரைவர் எங்கே என்று பார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார். ஒவ்வொரு முறை உள்ளே போய் பிரேக் போடும்போதும் லாரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும், நீ ஏறிப் போகப் போட்டிருக்கிற இரும்புத் தட்டுக்கும் லாரிக்கும் நடுவில் இடைவெளி விழும். லோடு முடிந்தது என்று நினைத்து லாரி டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. லாரி சாவியை டாக் சூப்பர்வைசர் கையில் வாங்கி வைக்கிற பழக்கம் இருந்தால் அந்தக் கம்பெனிக்கு என் பாராட்டு.

காலையில் ஐந்து நிமிடச் சோதனையில் டயர், ஃபோர்க்கில் விரிசல், செயின், ஹார்ன், பிரேக், பெல்ட், தரையில் எண்ணெய்க் கறை. செக்லிஸ்டில் மொத்தமாக டிக் அடிக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதே, இதை மட்டும் மறக்காதே. ஹைட்ராலிக் ஹோஸில் நூறு பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஊசித்துளை வழியாக வருகிற எண்ணெய் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பார். குத்திவிட்டதா, வலி இல்லாவிட்டாலும் ஓடு, "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கு" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்.

நிறுத்தும்போது ஃபோர்க்கைத் தரையில் படும்படி இறக்கு. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி கையில். கணுக்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபோர்க்கில் இடித்து எத்தனை பேர் விழுகிறார்கள் தெரியுமா!

இவ்வளவும் சொன்னாலும் பழி முழுக்க உன் மேல் இல்லை, தம்பி. மணிக்கு இத்தனை பேலட் என்று டார்கெட் போட்டுவிட்டு, மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று பேட்ஜ் குத்தி உறுதிமொழி வாங்குகிற நிர்வாகத்தையும் பார்த்தவள்தான் நான். நிதானமாக ஓட்டினால் எண்ணிக்கை குறைகிறது என்றால் அதை எழுத்தில் கொடு. "பிரேக் சரியில்லை, வண்டி நிறுத்தியிருக்கிறேன்" என்று தேதி போட்டு எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

சார்ஜிங் அறை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். ஃபேன் ஓடட்டும், வண்டியில் பேட்டரி இருக்கிற பெட்டியின் மூடி திறந்திருக்கட்டும். டிஸ்டில்ட் வாட்டர் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்று. முன்னாலேயே ஊற்றினால் பொங்கி வழியும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி. டீசல் வண்டியை மூடின கன்டெய்னருக்குள் ஓடவிட்டு வேலை செய்தால் தலைவலி, கிறுகிறுப்பு வரும். அது பசி மயக்கம் இல்லை, புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணம் கிடையாது. உடனே வெளியே வா.

அடிபட்டுவிட்டால்

- காலில் ஏறிவிட்டால் டிரைவர் பதறிப்போய் ரிவர்ஸ் எடுப்பார், அதே காலில் இரண்டாம் முறை ஏறும். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கத்தாதீர்கள். ஒருத்தர் மட்டும் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் எடுக்க வேண்டும் என்று சொல்லட்டும். அவர் சொல்லும்வரை வண்டி அசையக்கூடாது.
- 108-க்குப் போன் போடு. ஒருத்தரை கேட்டுக்கு அனுப்பு. கம்பெனிக்குள் எந்த ஷெட் என்று தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும்.
- ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி, எடுத்து எடுத்துப் பார்க்காதே. மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் போடாதே. டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்கே பாதி நேரம் போகும்.
- நசுங்கின காலில் இருந்து ஷூவைப் பிடித்து இழுக்காதே. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பார்கள்.
- சோடா, டீ வேண்டாம். ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.
- விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வை. விரலை நேராக ஐஸில் போட்டால் அது ஒட்டவைக்க ஆகாது.
- வண்டி நெஞ்சிலோ வயிற்றிலோ அழுத்தியிருந்தால், ஆள் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லக்கா" என்று சொன்னாலும் விடாதே. உள்ளே ரத்தம் கசிவது வெளியே தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீர வேண்டும்.

காகிதம்

வலி ஆறிவிடும், காகிதம் தப்பாக இருந்தால் காலம் முழுக்க அலைய வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது காதில் ஓதுவார்கள்: "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லும்மா, செலவை நாங்க பார்த்துக்கறோம்." கேட்காதே. செலவை முதல் வாரம் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் போனை எடுக்க மாட்டார்கள். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது "கம்பெனியில், வேலை நேரத்தில், ஃபோர்க்லிஃப்ட் இடித்தது" என்று நீயே உன் வாயால் சொல். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவில் (ஏ.ஆர். காப்பி) அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, ஒரு நகல் வாங்கிக்கொள்.

இ.எஸ்.ஐ. இருக்கிறவர்களுக்கு: வேலையில் அடிபட்டால் பணம் பெற இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. கம்பெனி விபத்துப் பதிவேட்டில் எழுதி, இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேட்டு நம்பர் வாங்கு. தற்காலிக ஊனம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அடிபட்ட நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் போனது, நடை குறைந்தது என்று நிரந்தர இழப்பு இருந்தால் மெடிக்கல் போர்டு சதவீதம் போடும், அதற்கு மாதாமாதம் பணம் வரும். போர்டுக்குப் போகாமலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தத் தப்பைச் செய்யாதே.

2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பை மாதம் 21,000 ரூபாய் ஆக்கினார்கள். வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்குச் சட்டப்படி முதலாளி நேராகப் பணம் தர வேண்டும். "மேல சம்பளம், அதனால ஒண்ணும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கான்ட்ராக்டில் இருக்கிறாயா? உனக்குத்தான் இது முக்கியம். கான்ட்ராக்டர் சந்தா கட்டாமல் விட்டாலும், நீ வேலை பார்க்கிற கம்பெனிக்கு அந்தப் பொறுப்பு உண்டு. பே ஸ்லிப்பில் 0.75 சதவீதம் பிடித்தம் இருக்கிறதா என்று பார். பிடித்திருக்கிறார்கள், ஆனால் உனக்கு இ.எஸ்.ஐ. நம்பரே வரவில்லை என்றால் நாளைக்கே ஹெச்.ஆரிடம் போய்க் கேள், அடிபட்ட பிறகு கேட்டால் அலைச்சல்தான். நம்பர் வந்ததும் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையான பெஹ்சான் கார்டு, கம்பெனி ஐ.டி. கார்டு, கடைசி மூன்று மாத பே ஸ்லிப், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இருக்கிற ஒருத்தர் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வை. உன் போன் மட்டும் போதாது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அது லாக்கருக்குள் இருக்கும், சாவி உன் இடுப்பில் இருக்கும்.